சொந்த வீட்டுக்காரி வாடகைக்கு வீடு தேடினாள்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த எளிய விஷயம் என் மனைவி சந்திரிகாவுக்குத் தெரியவில்லை. என் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தாள்.

சேலையூர் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பார்க்க ஆள் கேட்டிருந்தார்கள். இன்டர்வியூவில் எதிரில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் உட்காரச் சொல்லியும் உட்காராமல், "நாங்க முடிச்சூருங்க சார். எங்க மாமனார் பேரு ஜெயவேலு. ஏரிக்கரைப் பக்கம் இருந்த நஞ்சை பூரா எங்களதுதான், இப்ப ப்ளாட் போட்டாச்சு. மாமியார் மண்ணிவாக்கத்துப் பொண்ணு. நாத்தனாரைப் படப்பையில குடுத்திருக்கு" என்று மளமளவென்று ஒப்பித்திருக்கிறாள். அவர்கள் என்ன சம்பந்தம் பேசவா உட்கார்ந்திருந்தார்கள்? "தேங்க்யூ, சொல்லி அனுப்பறோம்" என்றார்களாம். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் பக்கத்தில் யாரையாவது நிறுத்தி "நீ யாரு?" என்று கேட்டால் தன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், இன்னார் வீடு என்றுதான் சொல்வார்கள். சந்திரிகா பி.காம். முதல் வகுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்த்தவள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் பார்த்த ஒரே கணக்கு பால்காரர் கணக்குதான். மகள் மாளவிகா இப்போது ஏழாவது படிக்கிறாள். காலையில் வேன் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவாள். நான் படப்பை ரோட்டில் இருக்கும் என் பெயின்ட் கடைக்குப் போய்விடுவேன். அதன் பிறகு அப்பா பேப்பரோடும் அம்மா போர்ட்டிகோவிலும் உட்கார்ந்துவிட, சந்திரிகா அந்தப் பெரிய வீட்டில் டிவியோடு பேசிக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்கூடத்து வேலை போன சோகத்தில் இருந்தபோதே ஒரகடத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி. அக்கவுன்ட்ஸ் பிரிவில் வேலை, இன்டர்வியூவுக்கு வரவும் என்று போட்டிருந்தார்கள். சந்திரிகா அதை மூன்று தடவை படித்துவிட்டு, போனை என் கையில் கொடுத்து நான்காவது தடவை என்னைப் படிக்கச் சொன்னாள்.

"இதுவும் போச்சுன்னா நான் இனிமே எங்கயும் அப்ளை பண்ண மாட்டேங்க," என்றாள். "சத்தியமா சொல்றேன். உங்க வீட்டு வாசல்ல கோலத்தைப் போட்டுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துக்கறேன்."

அவள் சத்தியம் செய்தால் செய்ததுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அதன் பெயர் அங்காளம்மாள். என் அம்மா. எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் வேலைக்குப் போனதில்லை. அதுகூடப் பரவாயில்லை. போன வருஷம் ஒரு காதுகுத்து விசேஷத்தில், அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா மகள் ஞானஜோதி தன் மருமகளை வேலைக்கு அனுப்புகிறாள் என்ற பேச்சு வந்தது. பந்தியில் வைத்து அம்மா, "மருமவள சம்பாரிக்க அனுப்சிட்டு இவ கால் மேல கால் போட்டுகினு துன்றாளா?" என்று கேட்டுவிட்டாள். இலையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஞானஜோதி அக்கா பாயசத்தைத் தொடாமல் எழுந்து போனாள். அப்படிப் பேசிய வாயால் அம்மா தன் மருமகளுக்கு எப்படிச் சரி என்று சொல்வாள்?

"முதல்ல வேலை கிடைக்கட்டும், அப்புறம் அம்மாகிட்ட சொல்லிக்கலாம்," என்றேன். எதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் என் வாழ்க்கைத் திட்டம். அதில் இதுவரை பெரிய நஷ்டம் வந்ததில்லை.

இன்டர்வியூவுக்கு வீட்டிலேயே பயிற்சி ஆரம்பித்தோம். அறைக் கதவைச் சாத்திவிட்டு நான் ஆபீசராகக் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் நாற்காலியில்.

"உங்க பலவீனம் என்ன?" என்றேன் மிடுக்காக.

"நீங்கதான்," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தலையணையை எடுத்து அடித்தாள். இப்படியே மூன்று நாள் ஓடியது. முன்னேற்றம் என்று பார்த்தால் தலையணை உறைதான் கிழிந்தது. என்னைப் பார்த்தால் அவளுக்குப் பயமே வருவதில்லை என்பது புகார். இது எனக்குப் பெருமையா சிறுமையா என்று இன்னும் விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து போர்ஷனுக்கு வாடகைக்கு ஆள் வந்தார்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பையன், புது மனைவி. அம்மா போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினாள்.

"எந்த ஊரு? இன்னா வேலை? நைட் ஷிஃப்டா? நைட்டு வந்து கேட்ட தட்டுவியா? ஒறவுக்காரங்க அடிக்கடி வருவாங்களா? வந்தா எத்தினி நாளு இருப்பாங்க? செவுத்துல ஆணி அடிப்பியா? இதுக்கு முன்ன இருந்த வூட்ட ஏன் காலி பண்ற? அங்க இன்னா சண்டை?"

சண்டை ஒன்றும் இல்லை என்று அந்தப் பையன் சொல்ல, "சண்ட இல்லாங்காட்டி ஏன் காலி பண்ற?" என்றாள். தினமும் பெரிய பெரிய வெள்ளைக்காரர்களிடம் போனில் பேசுகிற பையன், கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான். நடுவில் அம்மா எழுந்து அவன் மனைவியின் கையைப் பிடித்துப் பார்த்து, "வளையலு எங்க வாங்கின?" என்று ஒரு கேள்வி. அது எதற்கு என்று எனக்கும் புரியவில்லை. அப்படிக் கேட்டால் உண்மை தானாக வெளியே வரும் என்பது அம்மாவின் கொள்கை.

சமையலறை ஜன்னலில் நின்று சந்திரிகா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பாதி உரித்த வெங்காயம். அன்று மத்தியானம் என்னிடம் வந்தாள்.

"ஏங்க, உங்கம்மா கேக்கற மாதிரி எந்த கம்பெனிக்காரனாவது கேப்பானா?"

"மாட்டான். அவனுக்கு மனசாட்சி இருக்கும்."

"அப்ப நாம போய் வீடு பார்க்கலாம்."

"எதுக்கு?"

"வாடகைக்குதான். சும்மா. டு-லெட் போர்டு போட்டிருக்கற வீட்டுக்கெல்லாம் போவோம். அவங்க கேக்கட்டும், நான் பதில் சொல்றேன். ஒரு பத்து வீட்டுக்காரங்ககிட்ட பதில் சொல்லிட்டேன்னா ஒரகடத்துக்காரன் என்னை என்ன பண்ணிடுவான்?"

வாடகைக்கு விட்டே சாப்பிடுகிற குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் தாத்தா காலத்திலிருந்து யாரும் அடுத்தவன் வீட்டு வாசலில் நின்று "வீடு காலியா இருக்குங்களா?" என்று கேட்டதில்லை. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? மாட்டவே மாட்டேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தேன்.

முடிச்சூர் பக்கம் போனால் தடுக்கி விழுந்தால் உறவுக்காரர்கள். அதனால் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் போனோம். முதல் வீடு சிட்லபாக்கத்தில். கஸ்தூரிரங்கன் என்று ஒரு ரிடையர்டு ஆபீசர். வெள்ளை வேட்டியும் மூக்குக் கண்ணாடியுமாக, எங்களை நிற்க வைத்தே ஆரம்பித்தார்.

"சொல்லுங்கோ, நீங்க யாரு?"

"நாங்க முடிச்சூருங்க சார், எங்க மாமனார்..." என்று சந்திரிகா தொடங்கினாள். நான் முழங்கையால் இடித்தேன். சட்டென்று நிறுத்தி, "என் பேரு சந்திரிகா," என்றாள். அதற்குமேல் தன்னைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"நான்-வெஜ் உண்டா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் சார். அதுவும் வஞ்சிரம் நல்லா இருந்தாதான்."

வீடு ஏற்கனவே பேசியாகிவிட்டது என்று அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மரியாதையாகக் கேட் வரை வந்து வழியனுப்பினார்.

வண்டியில் வரும்போது நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக்கூடாதுங்க. அதான் தப்பு," என்று என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். அங்கே கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அதற்கடுத்த வீட்டில் பதிலோடு ஒரு சின்னப் புன்னகையும் சேர்ந்தது. அதற்கும் அடுத்த வீட்டில், உடனே பதில் சொல்லாமல் ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொல்லப் பழகினாள். அப்படிச் சொன்னால் யோசித்துச் சொல்வது மாதிரி இருக்கிறதாம். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஏனென்றால் அவள் தேறத் தேற நான் ஃபெயிலாகிக்கொண்டிருந்தேன். "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டால், ஒரு பெயின்ட் கடை என்று சொல்ல வேண்டியதுதானே? எனக்கு அங்கேதான் ரோஷம் வரும். "எங்களுக்கே நாலு வீடு வாடகைக்கு..." என்று ஆரம்பித்துவிடுவேன். சந்திரிகா இருமுவாள். ராஜகீழ்ப்பாக்கத்து அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்குன்னா இப்பவே சாவியைக் குடுத்துடுவேம்மா. உன் வீட்டுக்காரரைப் பார்த்தாதான் கொஞ்சம் யோசனையா இருக்கு," என்றாராம். இதை அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் வண்டி ஆடியது.

செம்பாக்கத்தில் நடந்ததுதான் எனக்கு மறக்காது. வீட்டுக்காரர் வினிதா என்று ஒரு சின்ன வயதுப் பெண். மடியில் லேப்டாப்போடு, அன்பாகத்தான் பேசினாள். எல்லோரும் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டாள்.

"இப்ப இருக்கற வீட்டை ஏன் காலி பண்றீங்க?"

இதற்கு எங்களிடம் தயாரான பதில் ஒன்று இருந்தது. பிள்ளைக்கு ஸ்கூல் பக்கம் என்பது. சந்திரிகா மூச்சு விட்டாள். நான் காத்திருந்தேன்.

"அங்க ஒரு குறையும் இல்லங்க. பெரிய வீடு. காலையில எல்லாரும் அவங்கவங்க வேலைக்குக் கிளம்பிடுவாங்க. நான்தான் கேட்டைச் சாத்திட்டு உள்ள வருவேன். தினமும் சாத்தறது நான்தான். ஒரு நாள் நான் வெளிய போகணும், வேற யாராவது சாத்தணும்னு இருக்கு. அவ்வளவுதான்."

வினிதா லேப்டாப்பை மூடிவிட்டு, அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வேலை அவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று அன்றைக்குத்தான் நானும் உண்மையிலேயே நினைத்தேன்.

இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம், "கடைசியா ஒரே ஒரு வீடு," என்றாள். பீர்க்கன்காரணையில் ஒரு புது வீடு. முதல் மாடி காலி என்று போர்டு தொங்கியது.

"இந்தப் பக்கம் வேணாம், நம்ம ஆளுங்க இருப்பாங்க," என்றேன்.

"யார் இருக்கப் போறாங்க? நீங்க தெருமுனையிலயே நில்லுங்க. உள்ள வந்தா கெடுத்துடறீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தெருமுனையில் ஒரு புங்கமரம். அதன் நிழலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். முகம் பளிச்சென்றிருந்தது. எப்படி என்று கேட்டேன். "பாஸ்," என்றாள்.

மறுநாள் காலை நான் காபியைக் கையில் எடுக்கும்போது அம்மா கூடத்திலிருந்து கூப்பிட்டாள். போனால், அம்மா நடு நாற்காலியில். பக்கத்தில் அப்பா பேப்பரோடு. எதிரில் இரண்டு நாற்காலிகள் காலியாகப் போட்டிருந்தன.

"உக்காருடா. நீயும் உக்காரும்மா," என்றாள் அம்மா. "பீர்க்கன்காரணையில வூடு பாத்துகினு கீறீங்களாமே? காலங்காத்தால ஞானஜோதி போன் பண்றா. 'இன்னா சித்தி, உங்க புள்ள தனிக்குடித்தனம் போவுதாமே, எங்க புது வூட்டுக்கே வந்து உங்க மருமவ கேட்டுச்சு'ன்றா. அவளுக்கு சிரிப்பு தாங்கல. நாலு வூடு வாடகைக்கு வுட்டுகினு கீற குடும்பம், எம்புள்ள வாடகை வூடு தேடுறான். நான் மூஞ்ச எங்க வச்சிக்கறது?"

எனக்குக் காபி புரையேறியது. அது ஞானஜோதி அக்கா கட்டிய வீடா? அந்தப் பந்திப் பேச்சுக்குப் பிறகு அவள் கிரகப்பிரவேசத்துக்குக்கூட எங்களைக் கூப்பிடவில்லை. உலகத்தில் இத்தனை வீடு இருக்க, அந்த வீட்டு வாசலிலா போய் நின்றோம்?

"அம்மா, அது சும்மா ப்ராக்டி..." என்று ஆரம்பித்தேன். சந்திரிகாவின் குதிகால் என் கால் கட்டைவிரலில் நச்சென்று இறங்கியது. மிச்ச வார்த்தை உள்ளேயே போய்விட்டது.

சந்திரிகா முதுகை நேராக வைத்தாள். கைகளை மடியில் வைத்தாள். ஒரு மூச்சு விட்டாள்.

"ஆமா அத்தை, பார்த்தோம்."

அப்பா பேப்பரைக் கொஞ்சம் இறக்கினார்.

"ஏன்? இந்த வூட்ல உனக்கு இன்னா கொறை?"

"ஒரு குறையும் இல்ல அத்தை. எனக்கு ஒரகடத்துல ஒரு வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கு. போகணும்னு ஆசையா இருக்கு. ஆனா இந்த வீட்ல இருந்து நான் வேலைக்குப் போனா நாலு பேர் உங்களைத்தான் கேப்பாங்க. உங்களுக்கு எதுக்கு அந்தச் சங்கடம்? தனியா போயிட்டா அந்தப் பேச்சு எங்களோட போகும்னு நாங்க யோசிச்சோம்."

நாங்கள் யோசித்தோமாம். நான் யோசித்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"சொந்தமா வூடு வச்சிகினு வாடகை வூட்ல போயி குந்திகினா மட்டும் நாலு பேரு கேக்க மாட்டானா?"

"கேப்பாங்க அத்தை. எங்களைத்தான் கேப்பாங்க. நாங்க சொல்லிக்கறோம்."

அம்மா அவளையே பார்த்தாள். நான் அந்தப் பார்வைக்கு எத்தனையோ தடவை உளறியிருக்கிறேன். ஐ.டி. பையன் உளறியதைக் கண்ணால் பார்த்தேன். சந்திரிகா உளறவில்லை. கண்ணையும் தாழ்த்தவில்லை. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் புன்னகையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க," என்றாள் அம்மா கடைசியில். "வேலைக்குப் போவணும்னா இந்த வூட்ல இருந்தே போ. வூட்ட வுட்டுப் போற பேச்சு இனிமே என் காதுல வுழக்கூடாது."

"காலையில சீக்கிரமே கம்பெனி பஸ் வந்துடும் அத்தை. சமையல்?"

"ஏன், நான் செத்தா பூட்டேன்?"

"மாளவிகா வேன்ல இருந்து இறங்கற நேரத்துக்கு..."

"உங்க மாமா சும்மாதான பேப்பர் படிச்சுகினு கீறாரு. அவரு போவாரு."

"ம்," என்றார் அப்பா. எங்கள் வீட்டில் அது ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்ட மாதிரி.

"வேற இன்னா?"

"அவ்வளவுதான் அத்தை. தேங்க்ஸ்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் சந்திரிகா வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் விழுந்து சிரித்தாள். நான் கட்டைவிரலைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"அது ஞானஜோதி அக்கா வீடுன்னு உனக்குத் தெரியுமா?"

"வாசல்ல ஞானஜோதி இல்லம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"அப்ப மொத்தமும் நாடகமா?"

"ச்சே, மத்த வீடெல்லாம் நிஜமாவே ப்ராக்டிஸ்தாங்க. நல்லாப் பேச வந்துடுச்சுன்னு தெரிஞ்சதும்தான் இந்த யோசனை வந்துச்சு. ஒரகடத்துக்காரன் சரின்னு சொல்லி என்ன பிரயோஜனம்? உங்கம்மா சரின்னு சொல்லணுமே. நேரா கேட்டா ஒத்துப்பாங்களா? அதான், இதைவிடப் பெரிசா ஒண்ணைக் காட்டினேன். எந்த மாமியாரும் பிள்ளையைத் தனியா அனுப்பறதுக்கு பதிலா மருமகளை வேலைக்கு விட்டுடுவாங்க." எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரு, அங்காளம்மாள்! அவங்களையே மடக்கிட்டேன் பாருங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பெற்றவளை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. அம்மா அன்றிலிருந்து ஒவ்வொரு உறவுக்காரருக்கும் போன் போட்டுப் புலம்பிக்கொண்டிருந்தாள். "இன்னா பண்றது, புள்ள பூடுவான்னு பயந்துகினு வுட்டுட்டேன்" என்ற குரல் கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் கேட்டது. ஏமாந்தது தெரியாமல் இப்படி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு உறுத்தியது. இன்டர்வியூவுக்கு முதல் நாள் சாயங்காலம் அதற்குமேல் தாங்கவில்லை. அம்மா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நாங்க நிஜமா வீடு பார்க்கல."

"தெரியும்டா," என்றாள் அம்மா, ஒரு போர்வையின் மறு முனையை என் கையில் கொடுத்து. "மடி."

நான் மடிக்கவில்லை. "எப்படித் தெரியும்?"

"ஞானஜோதி எல்லாத்தையும் சொன்னா. உம்பொண்டாட்டி அவ்ளோ நேரம் குந்திகினு பேசினாளாம். தண்ணி நல்ல தண்ணியா உப்பான்னு ஒரு வார்த்த கேக்கல. மோட்டார் எப்போ போடுவீங்கன்னு கேக்கல. மேல போயி வூட்ட தொறந்துகூட பாக்கல. தாம்பரத்துல தண்ணியப் பத்திக் கேக்காம வாடகைக்கு வர்றவ எவடா கீறா? நான் எத்தினி பேர பாத்திருப்பேன்? அந்தக் கூறுகெட்ட ஞானஜோதிக்கு அது ஒறைக்கல. எனக்குப் போன்லயே ஒறச்சிடுச்சு."

"அப்புறம் எதுக்கும்மா சரின்னு சொன்ன?"

அம்மா போர்வையை என் கையிலிருந்து பிடுங்கித் தானே மடித்தாள்.

"அந்தப் பந்தியில நான் பேசின பேச்சு எனக்கு மறந்தா பூடும்? பேசிட்டேன். அன்னிக்கி ராத்திரியே ஏன்டா பேசினோம்னு இருந்துச்சு. உம்பொண்டாட்டி பகலெல்லாம் டிவியோட பேசிகினு கீறாளே, எனக்குக் கண்ணு தெரியாதா? அவ நேரா வந்து போவட்டுமா அத்தைன்னு கேட்டிருந்தா முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். மனசு சரின்னாலும் வாயி வராது. ஞானஜோதி மூஞ்சில எப்பிடி முழிக்கறது? இப்ப பாரு. புள்ளைய காப்பாத்திக்க வுட்டுக்குடுத்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஞானஜோதியே 'அய்யோ பாவம் சித்தி'ன்றா. எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு. அவ கொண்டாந்து குடுத்தா, நான் புடிச்சிகினேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த வீட்டில் விஷயம் தெரியாமல் திரிந்தவன் நான் ஒருவன்தான். "இரு, சந்திரிகாகிட்ட சொல்றேன். ரொம்ப சந்தோஷப்படுவா," என்று படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

"அடச்சீ, நில்லுடா!" அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அம்மா குரலைத் தாழ்த்தினாள். "வாயத் தொறந்தே, தொலைச்சிடுவேன். மாமியாரையே மடக்கிட்டோம்னு அவ நெனச்சுகினு கீறா. அந்த நெனப்போட போவட்டும். நாளைக்கி அங்க நாலு பேரு எதிர்ல மொறச்சுகினு குந்தியிருப்பான். இந்த நெனப்பு இருந்தா பயப்படாம பேசுவா. வேல கெடச்சப்புறமும் சொல்லாத. நான் தோத்ததாவே இருந்துட்டுப் போறேன், எனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?"

மடித்த துணிகளை என் கையில் அடுக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி மெதுவாகக் கீழே இறங்கிப் போனாள். நான் துணிகளோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியும் என்று யாராவது அதற்கு முன்னால் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் ஒரகடம். கம்பெனி கேட்டுக்கு வெளியே, லாரிகள் எழுப்பிய புழுதியில் நான் வண்டியோடு காத்திருந்தேன். டீக்கடையில் டீ குடித்தேன். பயத்தில் இன்னொரு டீயும் குடித்தேன். சந்திரிகா வந்தபோது அவள் நடையிலேயே தெரிந்துவிட்டது.

"கிடைச்சிடுச்சு! ஒண்ணாம் தேதி வரச் சொல்லிட்டாங்க," என்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "நடுவுல ஒரு பெரியவர் இருந்தார்ங்க. அப்படி மொறைச்சார். இத்தனை வருஷம் கேப் விட்டிருக்கீங்களே, உங்களால முடியுமான்னு கேட்டார். பழையபடி 'எங்க மாமனார்'னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அப்புறம் உங்கம்மாவை நெனச்சேன். அவங்களையே மடக்கினவ நான், நீங்க எம்மாத்திரம்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். முடியும் சார்னு நேரா பார்த்துச் சொன்னேன்."

நாக்கின் நுனி வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

அவள் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டாள். "அத்தை, வேலை கிடைச்சிடுச்சு." மறுமுனையில் அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. "இன்னா செய்யிறது, வுட்டுத் தொலச்சாச்சு. வெயில்ல நிக்காம வூடு வந்து சேரு." பட்டென்று வைத்துவிட்டாள்.

சந்திரிகா வண்டியில் ஏறி உட்கார்ந்து என் தோளில் கையை வைத்தாள்.

"பாவம்ங்க உங்கம்மா," என்றாள். "இன்னும் கோவம் போகல. ரொம்பத்தான் ஏமாத்திட்டோமோ?"

நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.